மோட்டார் நின்ற பிறகும் ஓடிய மீட்டர்

2023 ஜூன் முதல் வாரம் ரீடிங் எடுத்தபோது எங்கள் வீட்டு மின்கணக்கு வெள்ளை அட்டையில் ஏறிய எண் 872 யூனிட். கட்ட வேண்டியது 5,270 ரூபாய். அதற்கு முந்தைய கணக்கில் 380 யூனிட்டுக்கு 1,035 ரூபாய்தான் கட்டியிருந்தோம். வீட்டில் ஏசி கிடையாது. ஃபிரிட்ஜ், நான்கு ஃபேன், டிவி, கிரைண்டர், வாஷிங் மெஷின், கொல்லையில் போர் மோட்டார். அவ்வளவுதான். அம்மா அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "ஐந்நூத்தி இருபத்தேழோட ஒரு சைபர் சேந்துபோச்சாப்பா?" என்று கேட்டார்.

தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பக்கம், குடமுருட்டி ஆற்றை ஒட்டிய ஊர் எங்களுடையது. இங்கே முக்கால்வாசி வீடுகளில் இதே மாதிரி கொல்லையில் ஒரு போர், அதில் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் ஒற்றை பேஸ் சப்மெர்சிபிள் மோட்டார், சுவரில் அதன் சுவிட்ச் இருக்கிற ஒரு பேனல் பெட்டி. காரணம் அங்கேதான் இருந்தது. மற்ற வீடுகளிலும் இருக்க வாய்ப்புண்டு என்பதால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதி வைக்கிறேன்.

முதலில் பணக்கணக்கு. யூனிட் இரண்டேகால் மடங்கு ஏறினால் பணம் ஏன் ஐந்து மடங்கு ஏறுகிறது என்பது பலருக்கும் குழப்பம். 2022 செப்டம்பரில் மாறி, அப்போது நடப்பில் இருந்த கட்டணத்தில், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை ஒரு கணக்கு: முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு யூனிட் 2.25, அதன் மேல் 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். 500ஐத் தாண்டினால் கணக்கே வேறு. அந்த 2.25 ரூபாய்ச் சலுகை போய்விடும்; 101ல் இருந்தே 4.50. பிறகு 600 வரை 8, 800 வரை 9, 1000 வரை 10 ரூபாய். 500 யூனிட் ஓடியிருந்தால் 1,725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் 1,958. ரீடிங் எடுக்க நாலு நாள் தள்ளிப் போனாலே சில வீடுகள் இந்தக் கோட்டைத் தாண்டிவிடும். எங்கள் வீட்டில் கூடுதலாகப் போன 492 யூனிட்டும் மேல்படிகளிலேயே விழுந்ததால், ஒவ்வொன்றும் சராசரியாக எட்டரை ரூபாய்க்கு மேல் பிடித்தது. வீணாகப் போகிற மின்சாரம்தான் எப்போதும் விலை அதிகமான மின்சாரம்.

ரீடிங் தவறா என்று பார்த்தேன். மீட்டரில் ஓடும் எண்ணும் அட்டையில் எழுதிய எண்ணும் ஒத்துப் போயின. தேதியும் சரியாக இரண்டு மாத இடைவெளிதான். அடுத்த சந்தேகம் மீட்டர் மேலேயே. மீட்டரைச் சோதிக்கச் சொல்லிப் பணம் கட்டி மனுக் கொடுக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு.

மின்னணு மீட்டரின் முகத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் 3200 என்று ஓர் எண் அச்சாகியிருக்கும் (சில மீட்டர்களில் 1600 அல்லது 6400). அந்த விளக்கு 3200 தடவை சிமிட்டினால் ஒரு யூனிட். ஆக, ஒரு நிமிடத்துக்கு எத்தனை சிமிட்டல் என்று எண்ணி, 60ஆல் பெருக்கி, 3200ஆல் வகுத்தால் அந்த நேரத்தில் ஓடும் கிலோவாட் வந்துவிடும். இதற்குக் கடிகாரமும் பொறுமையும் போதும்.

ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு ஃபிரிட்ஜ் உட்பட எல்லா பிளக்கையும் பிடுங்கினேன். ஃபேன், லைட் சுவிட்சுகள் எல்லாம் ஆஃப். மெயின் மட்டும் ஆனில். செல்போன் வெளிச்சத்தில் மீட்டர் முன்னால் நின்று எண்ணினேன். ஒன்றுமே ஓடாத வீட்டில் விளக்கு நிமிடத்துக்கு 24 தடவை சிமிட்டியது. 24ஐ 60ஆல் பெருக்கினால் 1440, அதை 3200ஆல் வகுத்தால் 0.45. அதாவது 450 வாட். ஆறு ஃபேன் இரவும் பகலும் சுற்றுகிற அளவு. நாள் ஒன்றுக்கு 10.8 யூனிட்! ஒன்றரை மாதம் இப்படிப் போனால் 486 யூனிட். எங்களுக்குக் கூடுதலாக வந்தது 492. அந்த இடத்தில் பில் மேல் இருந்த கோபம் போய், பயம் வந்துவிட்டது. 450 வாட் எங்கேயோ இறங்கிக்கொண்டிருக்கிறது. எங்கே என்று தெரியவில்லை.

அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தேன். அதே மீட்டரில் 'எர்த்' என்று எழுதிய இன்னொரு விளக்கு விடாமல் எரிந்துகொண்டிருந்தது. பேஸ் வழியாகப் போகிற கரண்ட் முழுவதும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வராவிட்டால் இந்த விளக்கு எரியும். மீட்டர் பேஸ், நியூட்ரல் இரண்டிலும் கரண்டை அளந்து, எது அதிகமோ அதைத்தான் கணக்கில் எடுக்கிறது. ஆகவே மண்ணில் இறங்குகிற கரண்டுக்கும் நாம்தான் பணம் கட்டுகிறோம்.

மெயினை ஆஃப் செய்தேன். சிமிட்டல் நின்றது, எர்த் விளக்கும் அணைந்தது. மீட்டர் தானாக ஓடவில்லை என்பது அதோடு முடிவானது. மீட்டரின் அளவு சரிதானா என்பதைக் காலையில் பார்த்தேன். 1000 வாட் வாட்டர் ஹீட்டர் ராடை வாளித் தண்ணீரில் போட்டு, மற்ற சர்க்யூட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எண்ணினால் நிமிடத்துக்கு 53 வர வேண்டும். 51 வந்தது. மல்டிமீட்டரில் வோல்டேஜ் 225 காட்டியது. 230க்குக் குறைந்தால் ராடு இழுப்பதும் குறையும், ஆகவே 51 சரியான எண்தான். மீட்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அப்புறம் எந்த சர்க்யூட் என்று பிரித்துப் பார்த்தேன். மெயின் போர்டில் நான்கு எம்.சி.பி. (அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானே விழுகிற சுவிட்ச்) உண்டு: முன்கட்டு, பின்கட்டு, பவர் பாயிண்ட், கொல்லை. ஒவ்வொன்றாக இறக்கியதில் முதல் மூன்றுக்கும் சிமிட்டல் மாறவில்லை. கொல்லையை இறக்கியதும் நின்றது. கொல்லை லைனில் இருப்பது ஒரு லைட்டும் போர் மோட்டாரும்தான். மோட்டாரோ ஓடவில்லை, பேனல் பெட்டியில் சுவிட்ச் ஆஃபில்தான் இருந்தது. அந்த எம்.சி.பி.யை அப்படியே இறக்கி வைத்துவிட்டு, யாரும் ஏற்றக்கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன். பக்கத்து வீட்டு அடிபம்பில்தான் அந்த நாட்களை ஓட்டினோம். இதைக் கேட்டதும் அம்மா சொன்னார்: "துவைக்கிற கல்லுகிட்ட இருக்கிற இரும்புக் குழாயைத் தொட்டா சுர்ருங்குதுன்னு நான்தான் அப்பவே சொன்னேனே." வெயிலில் கை காய்ந்திருக்கும் என்று வீட்டில் எல்லாரும் விட்டுவிட்ட பேச்சு அது. ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று துவைக்கிற இடம். இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

எங்கள் தெருவிலேயே எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர் இருக்கிறார், முப்பது வருட அனுபவம். அவரிடம் போனேன். "ஆஃபில் இருக்கும்போது லீக் ஆகுதுன்னா சுவிட்ச் நியூட்ரல்ல உட்காந்திருக்கும் தம்பி, வா பாக்கலாம்" என்று டெஸ்டரை எடுத்துக்கொண்டு வந்தார். கொல்லை எம்.சி.பி.யை ஏற்றி, பேனல் சுவிட்சை ஆஃபிலேயே வைத்து, மோட்டாருக்குப் போகும் டெர்மினலில் டெஸ்டரை வைத்தார். எரிந்தது. ஆஃப் செய்த மோட்டாரில் முழு வோல்டேஜ் நின்றுகொண்டிருந்தது.

பேனலுக்கு வருகிற இரண்டு ஒயரும் கறுப்பு. எது பேஸ், எது நியூட்ரல் என்று நிறத்தை வைத்துச் சொல்ல முடியாது. யாரோ எப்போதோ மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். பேனலில் இருந்தது ஒரு ஒயரை மட்டும் வெட்டுகிற ஒற்றை போல் எம்.சி.பி.; அது வெட்டிக்கொண்டிருந்தது நியூட்ரலை. மோட்டார் நிற்கும், ஆனால் உள்ளே போன பேஸ் அப்படியே இருக்கும். ஒயரைக் கவ்விப் பிடித்தே கரண்டை அளக்கிற கிளாம்ப் மீட்டரை வைத்துப் பார்த்தோம். பேஸ் ஒயரில் 2.0 ஆம்பியர், நியூட்ரலில் பூஜ்யம், இரண்டையும் சேர்த்துப் பிடித்தாலும் 2.0. லீக் இல்லாத லைனில் இரண்டையும் சேர்த்துப் பிடித்தால் பூஜ்யம்தான் காட்ட வேண்டும். 225 வோல்ட்டில் 2 ஆம்பியர் என்றால் 450 வாட். ராத்திரி சிமிட்டல் சொன்ன அதே எண்.

இந்த மாறிய ஒயர் பல வருடமாக இருந்திருக்கும். அது மட்டும் இருந்தால் பில்லில் தெரியாது. கீழே கேபிளில் லீக் மட்டும் இருந்து சுவிட்ச் பேஸில் இருந்திருந்தால், மோட்டார் ஓடுகிற அரைமணி நேரம் மட்டும் லீக் ஆகியிருக்கும். அதுவும் பில்லில் பெரிதாகத் தெரியாது. இரண்டும் சேர்ந்ததால்தான் 24 மணி நேரமும் போயிருக்கிறது. சேர்ந்தது எப்போது என்பதற்கும் விடை இருந்தது. சித்திரையில் தண்ணீர் கீழே போய் மோட்டார் காற்றை இழுத்ததால், 60 அடியில் இருந்ததை பத்தடி காலம் பைப் (மோட்டார் தொங்குகிற குழாய்) இரண்டு சேர்த்து 80 அடிக்கு இறக்கினோம். கோடையில் ஆற்றில் தண்ணீர் இல்லாதபோது இந்தப் பக்கம் இது வழக்கம்தான். இறக்கும்போது, மோட்டாரின் வாலோடு, அதாவது அதிலிருந்து நீளும் குட்டை ஒயரோடு, கேபிள் சேருகிற ஜாயிண்ட்டை வெட்டிப் புதிதாகச் சுற்றினார்கள். அது எப்போதும் தண்ணீருக்குள் கிடக்கிற ஜாயிண்ட்.

மோட்டார் ஏற்றி இறக்குகிற தம்பி இரண்டு ஆளோடு வந்தார். கேட்டதுமே, "மோட்டாரே ஷார்ட் ஆயிருக்கும் அண்ணே, புதுசு போட்டுருங்க, ஒன்பதாயிரத்துல முடிச்சுரலாம்" என்றார். தூக்கிப் பார்த்து, அளந்த பிறகு முடிவு செய்வோம் என்றேன். கொல்லை லைனின் எம்.சி.பி.யை இறக்கி, பேனலில் இருந்து மூன்று ஒயரையும் கழற்றிய பிறகுதான் கயிற்றில் கை வைத்தோம். எட்டு பைப்பையும் ஒவ்வொன்றாகக் கழற்றி வரிசையாகச் சாய்த்து வைத்து, நைலான் கயிற்றைத் தென்னை மரத்தில் ஒரு சுற்றுப் போட்டுப் பிடித்துக்கொண்டோம். அரை நாள் வேலை.

மோட்டாருக்கு ஒரு முழம் மேலே இருந்தது அந்த ஜாயிண்ட். சாதாரணக் கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி, முனையை நைலான் நூலால் கட்டியிருந்தார்கள். டேப் உப்பிப்போய், பசை கரைந்து வழுவழுவென்று இருந்தது. விரலால் அழுத்தியபோது டேப்பின் மடிப்பில் இருந்து தண்ணீர் கசிந்தது. பிரித்துப் பார்த்தால் மூன்று ஒயரையும் ஒரே இடத்தில் வெட்டி, ஒரே இடத்தில் முறுக்கியிருந்தார்கள். ஒரு முறுக்கின் நுனி ஊசிபோல டேப்பைக் குத்திக்கொண்டு வெளியே நின்றது. அந்த நுனிச் செம்பு மட்டும் கறுத்துப் பச்சை பூத்திருந்தது. ஒன்றரை மாதம் எங்கள் பணம் தண்ணீருக்குள் இறங்கிய வாசல் அதுதான். அகலம் ஒரு கடுகளவு.

ஜாயிண்ட்டை வெட்டி எடுத்துவிட்டு, எலக்ட்ரீஷியன் அண்ணன் கொண்டுவந்த 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷன் எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும் கருவி) தனித்தனியாக அளந்தோம். ஜாயிண்ட்டோடு அளந்தபோது முள் பூஜ்யத்தை விட்டு அசையவே இல்லை. மோட்டார் தனியாக 30 மெகா ஓம். கேபிள் தனியாக அதற்கும் மேல். ஒரு மெகா ஓம்முக்குக் கீழே போனால்தான் கவலைப்பட வேண்டும். மோட்டார் நன்றாகவே இருந்தது; ஒன்பதாயிரம் மிச்சம். மெகர் இல்லாமல் மோட்டாரை மாற்றச் சொல்பவர் யாராக இருந்தாலும் ஒப்புக்கொள்ளக்கூடாது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

புது ஜாயிண்ட்டை அவசரப்படாமல் போட்டோம். மூன்று ஒயரையும் மூன்று அங்குல இடைவெளியில் படிப்படியாக வெட்டினோம். அப்படி வெட்டினால் ஒரு முறுக்கு இன்னொன்றின் பக்கத்தில் வராது. முறுக்குவதற்குப் பதில் செம்புக் குழல் போட்டு கிரிம்பிங் பிளையரால் அழுத்தினோம். இழுத்துப் பார்த்தால் வரக்கூடாது. குழலின் விளிம்பை அரம் கொண்டு மழுங்கத் தேய்த்தோம். ஒவ்வொன்றுக்கும் உள்ளே பசை தடவிய, சூட்டில் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய்; சூடு காட்டும்போது இரண்டு முனையிலும் பசை முத்துப்போலப் பிதுங்கி வர வேண்டும், வராவிட்டால் சூடு போதவில்லை. அதன் மேல் இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப். இதைப் பாதி அகலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி, கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். கடைசியாக மூன்றையும் சேர்த்து ஒரு பெரிய ஹீட் ஷ்ரிங்க். ஹீட் ஷ்ரிங்க் குழாயை ஒயரைச் சேர்ப்பதற்கு முன்பே உள்ளே கோத்துக்கொள்ள வேண்டும். பிறகு நுழைக்க வழியில்லை.

இறக்குவதற்கு முன்னால் வாளிச் சோதனை. ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் நிரப்பி, இரண்டு கைப்பிடி கல்லுப்பைக் கரைத்து, ஜாயிண்ட்டை மட்டும் அதில் அமிழ்த்தி ராத்திரி முழுக்க வைத்தோம். காலையில் மெகரின் ஒரு முனையை ஒயரிலும் மறுமுனையைத் தண்ணீரில் தொங்கவிட்ட செம்புக் கம்பியிலும் வைத்து அளந்தால் அதே 30 மெகா ஓம். உப்புத் தண்ணீரில் தாங்கியது போர்த் தண்ணீரில் தாங்கும். இறக்குகிற தம்பி, "இதுக்காகவா ஒரு நாள் காத்திருக்கணும்?" என்று சலித்துக்கொண்டார்தான். ஆனால் அளவைப் பார்த்த பிறகு அந்த ரப்பர் டேப்பின் பெயரைக் குறித்துக்கொண்டு போனார்.

பேனலில் பேஸையும் நியூட்ரலையும் சரியாக மாற்றி, ஒற்றை போலை எடுத்துவிட்டு டபுள் போல் எம்.சி.பி. போட்டோம். இனி யார் எப்படி மாற்றிக் கொடுத்தாலும் ஆஃப் செய்தால் இரண்டு ஒயரும் அறுபடும். ஒயர் முனைகளில் சிவப்பும் கறுப்பும் டேப் சுற்றி அடையாளம் வைத்தோம். மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போட்டோம்; போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒத்துப் போகாவிட்டால் தானே வெட்டுகிற சுவிட்ச் அது. இது இருந்திருந்தால் இந்த 2 ஆம்பியர் லீக் அன்றைக்கே வெட்டுப்பட்டிருக்கும். மனிதர் உடம்பு வழியாக மண்ணுக்குக் கரண்ட் பாய்ந்தாலும் இது வெட்டும். எம்.சி.பி. அதைச் செய்யாது, 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 2 ஆம்பியர் ஒரு பொருட்டே அல்ல.

ஆர்.சி.சி.பி. போட்டதோடு வேலை முடியவில்லை, கிரைண்டரைப் போட்டால் அது டப்பென்று ஆஃபாகி விழுந்தது. கிரைண்டர் கெட்டுவிட்டதோ என்று வேறு பிளக்கில் போட்டால் ஓடியது. அந்த சாக்கெட்டைக் கழற்றினால் உள்ளே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்து வைத்திருந்தார்கள். எர்த் ஒயர் இழுக்கச் சோம்பல்பட்டு யாரோ செய்த குறுக்கு வழி. துண்டை எடுத்துவிட்டு மெயினில் இருந்து பச்சை ஒயர் இழுத்த பிறகு விழவில்லை. பழைய வீடுகளில் ஆர்.சி.சி.பி. விழுகிறது என்று அதைக் கழற்றிவிடுபவர்கள் அதிகம். விழுந்தால் எங்கே என்று தேட வேண்டும்.

செலவு: கிளாம்ப் மீட்டர் 1,450, ஹீட் ஷ்ரிங்கும் ரப்பர் டேப்பும் 260, செம்புக் குழல் 40, ஆர்.சி.சி.பி. 2,050, டபுள் போல் எம்.சி.பி. 480, மோட்டார் ஏற்றி இறக்கிய கூலி 1,200, எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு 600. மொத்தம் 6,080 ரூபாய். இதில் கிளாம்ப் மீட்டரைத் தெருவில் இப்போது பத்து வீட்டுக்காரர்கள் இரவல் வாங்கிப் போகிறார்கள். பில் 5,270ஐயும் முழுசாகக் கட்டினோம். மீட்டர் சரியாகத்தான் அளந்திருக்கிறது. மின்சாரமும் நம் ஒயர் வழியாகத்தான் போயிருக்கிறது. அடுத்த கணக்கில் 423 யூனிட், 1,263 ரூபாய் வந்தது. ரீடிங் எடுத்ததற்கும் கொல்லை லைனை இறக்கியதற்கும் இடையில் போன யூனிட்டும் அதில் சேர்ந்திருக்கிறது.

ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்து, ஆற்றில் தண்ணீர் வந்து, போரில் மட்டம் ஏறிவிட்டது. மோட்டாரை மறுபடி 60 அடிக்கு ஏற்றத் தேவையில்லை என்று 80லேயே விட்டுவிட்டேன். அடுத்த தடவை இறக்கும்போது கேபிளை மோட்டார் வரைக்கும் ஒரே துண்டாக, தட்டைக் கேபிளிலேயே, புதிதாகப் போடுவேன். ஜாயிண்ட் போடுகிற அன்று நானே பக்கத்தில் நிற்பேன். வாளிச் சோதனையை எந்த அவசரத்திலும் விடமாட்டேன்.

வயல் மோட்டார்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. விவசாய இணைப்புக்கு மின்சாரம் இலவசம், பில்லே வராது. ஆகவே இதே மாதிரி ஒரு ஜாயிண்ட் போரில் லீக் ஆனால் அட்டை காட்டிக்கொடுக்காது. வரப்பில் ஈரத்தில் நிற்பவரின் கால்தான் காட்டிக்கொடுக்கும். சித்தப்பாவின் வயல் மோட்டாரில் கிளாம்ப் மீட்டரை வைத்துப் பார்த்தேன். அது மூன்று பேஸ், ஆகவே மூன்று ஒயரையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பூஜ்யம் காட்டியது, நல்லவேளை.

தெருவிலும் சிலர் வீட்டு மீட்டரைப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு வீட்டில் எர்த் விளக்கு எரிந்தது, பதறிப்போனார்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எண்ணினால் சிமிட்டலே இல்லை, எர்த் விளக்கும் அணைந்துவிட்டது. மாடிக்குத் தனி இணைப்பு வாங்கியிருக்கிறார்கள், ஆனால் மாடிப்படி லைட்டின் நியூட்ரலைக் கீழ்வீட்டு நியூட்ரலோடு சேர்த்துவிட்டார்கள். மாடிப்படி லைட் போட்டால் பேஸ் ஒரு மீட்டரிலும் நியூட்ரல் இன்னொரு மீட்டரிலும் போகிறது, அவ்வளவுதான். லீக் இல்லை. ஆனால் ஒரே லைட்டை இரண்டு மீட்டரும் எண்ணுகின்றன. அந்த நியூட்ரலைப் பிரித்து மாடி மீட்டருக்கே கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன். எலக்ட்ரீஷியன் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்.